கத்தியைப் பறிக்காத வாத்தியார்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நல்ல தொழில் ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும் என்று பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நான் சமையற்காரன். மேடைப்பேச்சு எனக்குக் கைவராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சுவிஸிலே கட்டாயப் பள்ளி முடிக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். எங்கடை வீடுகளிலே அதைச் சொன்னால் முகம் கறுக்கும். "நான் இவ்வளவு வருசம் கோப்பை கழுவினது நீ சட்டி பிடிக்கவோ?" என்று கேட்ட அப்பா, ஆறு மாதம் என்னோடை சரியாகக் கதைக்கவில்லை.

பயிற்சி 3 வருசம். கிழமையில் நாலு நாள் குசினி, ஒரு நாள் தொழிற்பள்ளி. முதல் இடத்திலே பெரிய சமையற்காரர் நல்ல கெட்டிக்காரர். ஆனால் நான் வெங்காயம் வெட்டத் தொடங்கினால் கத்தியைப் பறித்துத் தானே வெட்டி முடிப்பார். அவருக்கு நேரமில்லை, அதுவும் உண்மைதான். ஒரு வருசத்திலே நான் ஒழுங்காகப் பழகினது நிலம் துடைக்க.

இடம் மாறினேன். அடுத்தவர் கோபக்காரர் எண்டு பெயர். ஒருநாள் என்ரை ஒல்லாந்தேஸ் சோஸ் திரைஞ்சு போச்சுது. அவர் கத்தவில்லை. "ஏன் திரைஞ்சது?" என்று மட்டும் கேட்டார். உருக்கின வெண்ணெயை ஒரேயடியாக ஊற்றிவிட்டேன், சூடும் கூட. "புதுசாய் ஒரு மஞ்சள் கரு எடு, இதையே துளித்துளியாய் விட்டு அடி" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலே நின்றார். சோஸ் சேர்ந்து வந்தது.

இந்த உரைக்காக, பயிற்சியில் இருக்கிற எங்கடை பிள்ளைகள் ஏழு பேரைக் கேட்டேன். மின்சார வேலை பழகுகிற தம்பி, "தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுகிற மாஸ்டர்" என்றான். முதியோர் இல்லத்தில் பழகுகிற தங்கச்சி, "பிழையை அறைக்கு வெளியே கூட்டிவந்து சொல்லுவா, வயசானவைக்கு முன்னாலே சொல்லமாட்டா" என்றாள். "என்ரை டொச்சை வைச்சு என்ரை மூளையை அளக்காதவர்" என்றான் இன்னொருவன். பிந்தி வந்தால் ஏசவேணும் என்றும் ஒருத்தி சொன்னாள். எனக்கும் அதுதான் சரி. ஆசிரியரின்ரை பட்டத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ஓரிடத்துக்குச் சில நாள் வேலை பார்த்துவரப் போனால், சம்பளத்தை மட்டும் விசாரிக்காதேங்கோ. அங்கே ஏற்கனவே பழகுகிற பிள்ளையிடம், "உன்னைச் செய்ய விடுகினமோ?" என்று கேட்டுவரச் சொல்லுங்கோ.

இப்ப 40 மணிநேர வகுப்பு முடித்து நானும் ஒரு பெடியனுக்குப் பொறுப்பு. போன மாதம் அவன் வெட்டின விதத்தைப் பார்த்து என்ரை கை தானாகக் கத்திக்குப் போய்விட்டது. இரண்டு கையையும் பொக்கற்றுக்குள்ளே விட்டேன்.

"உன்ரை பெடியன் வெங்காயம் வெட்டப் பழகிட்டானோ?" என்று அப்பா ரெலிபோனிலே கேட்கிறார். இன்னும் மெதுவாகத்தான் வெட்டுகிறான்.