காட்டின் மொழிக்கு ஏட்டில் இடங்கேட்டவர்



தாய்மொழி நாவில் வாழ்ந்தால் மட்டும் போதாது. ஆட்சியேட்டிலும் அமர வேண்டும். இதற்காக வழக்காடியவர் சார்க்கண்டு மண்ணின் மறவர் செயபால்சிங் முண்டா.

1903-இல் முண்டா பழங்குடியில் தோன்றியவர், ஆக்சுபோர்டில் பயின்றவர். இந்தியக் குடிமைப் பணிக்குப் பயிற்சி பெறுகையில், விளையாடச் செல்ல விடுப்பு மறுக்கப்பட்டது. பணியினும் ஆட்டமே பெரிதெனத் துணிந்தார். 1928-இல் ஆம்சுடர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய வளைகோற்பந்து அணிக்குத் தலைவரானார். அவ்வணி பொற்பதக்கம் வென்றது.

1946-இல் அரசியலமைப்பு மன்றத்தில், பழங்குடியினரை இகழச் சொல்லப்பட்ட ‘காட்டான்’ என்னும் பெயரையே பெருமையுடன் ஏற்று முழங்கினார். 1949-இல் மொழிகளுக்கான எட்டாம் அட்டவணை வகுக்கப்பட்டபோது, முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்றுக்கும் இடங்கேட்டார். இவற்றுள் பின்னிரண்டும் தமிழினக் குடும்ப மொழிகள் என்பதை நாம் மறத்தலாகாது. மன்றமோ மூன்றையும் ஏற்கவில்லை.

1970-இல் அவர் மறைந்தார். அவர் கனவு கண்ட சார்க்கண்டு மாநிலம் 2000-இல் பிறந்தது. 2003-இல் சந்தாலி அட்டவணையேறியது. அவருடைய முண்டாரியோ இன்னும் வாயிலிலேயே நிற்கின்றது.

அன்பர்களே! அவர் வேண்டியும் பெறாத இடம் தமிழுக்கு உண்டு. அட்டவணையில் அமர்ந்த தமிழ், நம் தெருக் கடைப்பலகைகளில் அமர்ந்துளதா? வீடு திரும்பும் வழியில் நிமிர்ந்து பாருங்கள்!