இசை மண்டபத்தின் வாயிற்படி

(படிப்பகத் திறப்பு விழாவொன்றில் ஆற்றிய உரை)

மார்கழி பிறந்துவிட்டது. சென்னையிலே சபாக்கள்தோறும் சங்கீதம். மயிலையிலும் தியாகராய நகரிலும் காலை தொடங்கி இரவு வரை கச்சேரி. "நமக்கென்ன அங்கே வேலை?" என்று நம் தோழர்கள் பலர் கேட்கின்றனர். வேலை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த விழா பிறந்த கதையை முதலில் கேளுங்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடிற்று. அதனையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றிற்று. ஆக, அரசியல் மேடையின் நிழலிலே பிறந்தது இந்த இசை விழா! "இசையிலே அரசியலைக் கலக்காதீர்" என்று நமக்கு உபதேசம் செய்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழரின் தலைநகரிலே கூடிய அந்த அவைகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம் என்ன? கச்சேரி முடியும் தறுவாயில் 'துக்கடா' என்ற கடைசி இடம்! குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழிசைக்கும் பெயரிட்ட இனம். முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் மாரிமுத்தாப் பிள்ளையையும் பெற்ற இனம். அதற்குக் கடைசி இடம்!

எனவேதான் கிளர்ச்சி எழுந்தது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. "இசைக்கு மொழி ஏது?" என்றனர் எதிர்த்தவர்கள். இசைக்கு மொழி இல்லையென்றால், தமிழைக் கண்டதும் மட்டும் முகம் சுளிப்பானேன்?

ஒன்றை மறவாதீர்கள். அன்று தமிழிசையை ஆதரித்தவர்களில் இராஜாஜியும் உண்டு, கல்கியும் உண்டு, டி.கே.சி.யும் உண்டு. மாற்று முகாமில் நின்றோரும் நியாயத்தின் பக்கம் நின்றனர். அதை ஒப்புக்கொள்வதிலே நமக்குக் குறைவில்லை.

மொழிக்கு ஓரளவு இடம் கிடைத்தது. ஆனால் மக்களுக்கு?

1928-ல் பிறந்த அகாடமி, சங்கீத கலாநிதி என்ற பட்டத்தைப் பெண்ணொருவருக்கு வழங்கிய ஆண்டு 1968. பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. நாற்பது ஆண்டுகள் ஆயின, தோழர்களே! காவிரிக்கரை வளர்த்த நாகசுரத்தின் நிலை என்ன? திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைப் புகழாத வாயில்லை; ஆனால் நாகசுரக் கலைஞரை மங்கல இசைக்கு அழைத்து, அத்தோடு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் மாறிற்றில்லை.

"யார் தடுத்தார்கள்? பகற் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுச் சீட்டே இல்லையே" என்பார்கள். உண்மைதான். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டறைத் தொழிலாளி எங்கே இருப்பான்? உலைக்களத்தில் இருப்பான்! அவன் வேலை முடிந்து வரும் மாலையிலே மண்டபத்து வாயிலில் சீட்டு விற்கிறார்கள். கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே வா என்றழைப்பது வேறு.

அழைத்தவர்களும் உண்டு. 2007-ல் சென்னை சங்கமம், பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொண்டுவந்தது. இடையிலே நின்றுபோய், 2023-ல் மீண்டும் தொடங்கிற்று. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-ல் டிசம்பர் கச்சேரிகளிலிருந்து விலகினார். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் நடுவே இசை விழா தொடங்கியோரில் அவரும் ஒருவர். அவரையே 2024-ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதியாக அகாடமி தேர்ந்தெடுத்தது. எதிர்ப்பும் கிளம்பியது, அகாடமி பின்வாங்கவில்லை. கேள்வி கேட்டவனுக்கு இடம் கொடுக்கும் காலம் வரத்தான் செய்கிறது.

ஆகவே, நான் கேட்பது மூன்று. இந்தப் படிப்பகத்திலே வாரம் ஒரு மாலை, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டுக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். வரும் பொங்கல் விழாவிலே நாகசுரக் கலைஞரை மேடையின் நடுவே அமர்த்தி, முழுக் கச்சேரி கேளுங்கள். உரிய ஊதியத்தைக் கையிலே கொடுங்கள். மார்கழியில் ஒரு நாளேனும் உங்கள் குடும்பத்தோடு சபாவுக்குச் சென்று முன்வரிசையில் அமருங்கள். புரியவில்லையே என்று கூச வேண்டாம். கேட்கக் கேட்கப் புரியும்.

வாயிற்படியிலே நின்று வசைபாடுவது எளிது. உள்ளே நுழைந்து உட்காருவதே உரிமை. அந்த உரிமையை இந்த மார்கழியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.