ரேந்தைப் பின்னல்



ஆடையின் ஓரத்தில் மெல்லிய வலைபோல் விளங்கும் ரேந்தையை நீங்கள் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்த சொல் அது. ரேந்தையை ஊசியால் இழைப்பது ஒரு வகை. சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களைத் திண்டின்மேல் வைத்துப் பின்னுவது மற்றொரு வகை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸ் நாட்டிலும் தழைத்த இந்த இரண்டாம் வகையைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இக்கலையில் பின்னத் தொடங்குமுன் செய்ய வேண்டிய வேலை மிகுதி. திண்டினுள் வைக்கோலை இறுக அடைத்தல் வேண்டும்; தளர்ந்திருந்தால் குண்டூசி சாய்ந்துவிடும். கோலத்தைத் தடித்த அட்டையில் வரைந்து, ஊசி நிற்க வேண்டிய இடந்தோறும் துளையிடல் வேண்டும். துளை சற்றே விலகினாலும் வலைக்கண் கோணிவிடும். பிறகு, ஒரே நூலின் இரு முனைகளையும் இரு கட்டைகளில் சுற்றி இணையாக்குவர். அகன்ற வேலைக்கு நூறு கட்டைகளுக்கு மேலும் வேண்டியிருக்கும்.

தென்கோடியில் ஒரு சிற்றூரில் மூதாட்டி ஒருவர் இவ்வாறு நூல் சுற்றுவதை முற்பகல் முழுவதும் பார்த்திருந்தேன். உச்சிப்பொழுதாயிற்று. "வேலை எப்போது தொடங்கும், அம்மா?" என்று வினவினேன். "காலையிலேயே தொடங்கியாயிற்றே, ஐயா!" என்றார் அவர்.

பின்னலிலோ அடிப்படை அசைவுகள் இரண்டே. நான்கு கட்டைகளை எடுத்து, நடுவிலுள்ள இரண்டில் இடப்புறத்ததை வலப்புறத்ததன்மேல் இடுவது குறுக்கிடல். ஒவ்வோர் இணையிலும் வலப்புறத்ததை இடப்புறத்ததன்மேல் இடுவது முறுக்கல். பூவும் இலையும் வலையும் இவ்விரண்டாலேயே உருவாகின்றன. கை பழகியபின், கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் மெல்லொலியில் மனம் அமைதியுறுகிறது. ஊசிகளை உருவிய பின்னும் நூல் குலையாமல் நிற்கக் காண்பது தனி இன்பம்.

இக்கலை நம் பெண்களுக்கு வெறும் பொழுதுபோக்காக வரவில்லை. 1819இல் கணவருடன் நாகர்கோயில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பள்ளிச் சிறுமியருக்கு இதனைக் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா, 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடி சென்றபோது, அங்கும் இது பரவிற்று. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அத்தகைய காலத்தில், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் எழுத்தறிவோடு தம் கையால் ஊதியமும் பெற்றனர் என்பது சிறிய செய்தியன்று.

இதற்கிடையே இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர், 1809இல் காப்புரிமை பெற்ற பொறியால் இத்தகைய வலையை விரைந்து நெய்ய வழி கண்டார். பொறியின் வரவால் ரேந்தை எளியோர்க்கும் கிட்டிற்று; கைவேலையின் கூலியோ குறைந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலின், கையால் பின்னிய ரேந்தை ஒன்று உங்களிடம் வருமாயின், விலையை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். அதனை வெளிச்சத்தில் பிடித்து ஒரு விரற்கடை அளவையேனும் உற்று நோக்குங்கள். எத்தனை முறை கைகள் மாறி மாறி இயங்கியிருக்கும் என்று எண்ணுங்கள். உழைப்புக்கு உரிய விலை எது என்னும் கேள்வி அப்போது உங்களுக்குள் தானே எழும்.