ஊர் யாருக்காக வளர்கிறது?

(மறைமலை நகரில் ஆலைத் தொழிலாளரும் சுற்றுக் கிராம விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்.)



ஷிப்ட் முடிந்து நேரே வந்த ஆலைத் தொழிலாளரும், நடவு முடிந்து சேறு கழுவிய காலோடு வந்த விவசாயத் தொழிலாளரும் இங்கே ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நகரத்தின் பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டம் போடுகிறோம் என்று ஆட்சியாளர்கள் சொல்கிறார்கள். நல்லது, போடட்டும். ஆனால் திட்டம் போடும் மேஜையில் முதலாளிக்கு நாற்காலி இருக்கிறது, நிலத் தரகருக்கு நாற்காலி இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா? இதுதான் இன்றைக்குக் கேள்வி.

திட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திட்டமில்லாத வளர்ச்சி முதலாளித்துவக் காட்டாட்சி. நாம் கேட்பது ஒன்றே: திட்டம் யாருடையது?

ஒரே தூணில் நின்ற வீடு

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையின் நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்று, 1980ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய துணை நகரம் இது. தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயரைச் சூட்டினார்கள். மனை பிரித்தார்கள், தொழிற்சாலைக்கு இடம் ஒதுக்கினார்கள், ரயில் நிலையம் வந்தது. பின்னர் அமெரிக்காவின் போர்டு கார் கம்பெனி வந்தது. சுமார் 350 ஏக்கரில் ஆலை எழும்பி, 1999ல் இங்கிருந்து கார்கள் வெளிவந்தன.

அதைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள், லாரிகள், கான்டீன்கள், வாடகை வீடுகள், மளிகைக் கடைகள், டீக்கடைகள் வளர்ந்தன. "ஊர் வளர்ந்துவிட்டது" என்றார்கள். வளர்ந்தது உண்மைதான். ஆனால் வீட்டின் பாரத்தையெல்லாம் ஒரே தூணில் ஏற்றிவிட்டு, அந்தத் தூணின் சாவியை அமெரிக்காவில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம்.

2021 செப்டம்பர் 9ந் தேதி என்ன நடந்தது? பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. இங்கும் குஜராத்தின் சானந்திலும் சேர்த்துச் சுமார் 4,000 தொழிலாளரின் பிழைப்பு ஒரு காகிதத்தில் முடிந்தது. நியாயமான இழப்பீடு கேட்டு 2022ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது.

நிரந்தரத் தொழிலாளி போராடி இழப்பீட்டுக்காவது பேச முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளி எந்த மேஜையில் பேசுவார்? கான்டீனில் பாத்திரம் கழுவிய தாய் யாரிடம் கேட்பார்? நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டவரின் கடனை யார் அடைப்பார்? அவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. திட்டம் போட்டவர்கள் ஆலை வரும் நாளுக்குத்தான் கணக்குப் போட்டார்கள். ஆலை போகும் நாளுக்குக் கணக்கே போடவில்லை.

இப்போது கம்பெனி திரும்பி வருகிறது என்கிறார்கள். 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில், என்ஜின் செய்ய 3,250 கோடி ரூபாய் முதலீடு என்று ஒப்பந்தம் போட்டார்கள்; உற்பத்தி 2029ல் என்றார்கள். வரட்டும், வேலை வந்தால் நாம் வரவேற்போம். ஆனால் 2022க்கும் 2029க்கும் இடையே ஏழு ஆண்டு இருக்கிறதே, தோழர்களே! இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துணி மூடி வைக்கலாம். குழந்தையின் வயிற்றை அப்படி மூடி வைக்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நகரத் திட்டம் பெரிய அதிகாரிகளின் சமாசாரம், நமக்கென்ன தெரியும் என்று சில தோழர்கள் ஒதுங்குகிறார்கள். அது தவறு. 1992ஆம் ஆண்டின் 74வது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்கான 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் எழுதியிருக்கிறது. மூன்றாவது பொறுப்பு, பொருளாதார சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவது. சாக்கடை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் மட்டும் நகரசபையின் வேலையல்ல.

நடைமுறை என்ன? நிலம் கொடுப்பது சிப்காட். சலுகை கொடுப்பது கோட்டை. வரைபடம் போடுவது வளர்ச்சிக் குழுமம். சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்ததை 2022ல் 5,904 ஆக விரித்தார்கள். பரப்பு ஐந்து பங்கு பெருகியது. அதில் வாழும் உழைப்பாளியின் குரல் ஐந்து பங்கு பெருகியதா? நகரசபைக்கு மிஞ்சுவது குப்பை வண்டிதான்.

அதே அரசியல் சட்டத்தில் ஒரு பின்வாசலும் உண்டு. 243 க்யூ பிரிவின்படி, ஒரு தொழில் ஸ்தாபனமே நகர வசதிகளைச் செய்து கொடுக்குமானால், அந்தப் பகுதியைத் தொழில் நகரியம் என்று அறிவித்து, நகரசபையே இல்லாமல் செய்யலாம். அதாவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இல்லை, கம்பெனி நிர்வாகமே ஊர் நிர்வாகம்! இந்தப் பின்வாசலை யாராவது திறக்க வந்தால் நாம் அதன் குறுக்கே நிற்க வேண்டும்.

வரி விஷயத்தையும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி பிடிக்கிறார்கள். அது நகரசபைக்குச் சேரும் பணம். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதம் பல லட்சம் வாங்கும் மேனேஜரும் 2,500தான்! இருந்தாலும், உங்கள் வியர்வைப் பணம் இந்த ஊரின் கஜானாவில் இருக்கிறது. கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மண்வெட்டி பிடித்தவர் எங்கே போவார்?

இனி கிராமத்துத் தோழர்களின் விஷயம். செங்கற்பட்டு ஏரிகளின் சீமை. ஏரிப் பாசனத்தில் நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான் உங்கள் கூலி. நிலம் ஆலைக்கோ மனைக்கோ போகும்போது, பட்டா வைத்திருப்பவருக்குப் பணம் வருகிறது. அதே நிலத்தில் முப்பது வருஷம் குனிந்து நட்ட பெண்ணுக்கு என்ன வருகிறது?

2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த விவசாயத் தொழிலாளியின் குடும்பமும், குத்தகைதாரரின் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று எழுதியது. சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். 2019ல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டுத் திரும்ப உயிர் கொடுத்தார்கள். 2021ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. மதிப்பீடு நடந்தால்தானே உங்கள் பெயர் ஏட்டில் ஏறும்?

இன்னொரு அடியும் இருக்கிறது. கிராம ஊராட்சியை நகரத்தோடு சேர்த்தால், "ஊர் உயர்ந்தது" என்று வாழ்த்துவார்கள். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் கிராமத்துக்குத்தான். அதன் இடத்தில் 2025 டிசம்பரில் கொண்டுவந்த சட்டமும் கிராமத்துக்குத்தான். பலகையில் பெயர் மாறிய அன்றே வேலை போகிறது. கூலியோ கிராமத்துக் கூலியாகவே நிற்கிறது. கேரளம் 2010லேயே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் நூறு கோடி ரூபாயில் ஒரு சோதனைத் திட்டம் அறிவித்தார்கள். சோதனை போதும்; சட்டம் வேண்டும்.

கதவை மூடும் அதிகாரம்

ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூட சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பில் அந்த எல்லையை 300 ஆக்கிவிட்டார்கள். உதிரிபாகப் பட்டறைகளில் எத்தனையோ இந்த எல்லைக்கு வெளியே போய்விட்டன. ஊருக்கு ஒரு பக்கம் வளர்ச்சித் திட்டம். மறு பக்கம் அனுமதி கேட்காமல் கதவை மூட உரிமை. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

நமக்குக் கிடைத்தது எதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக அவர்களின் தோழிகள் இரவோடிரவாகச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண் தொழிலாளரின் இருப்பிடம் பற்றி அன்றுதான் நாடு பேசியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கை கொண்ட விடுதி திறந்தார்கள். அதே ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சங்க உரிமைக்காகச் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, நகரத் திட்டத்தைத் தமிழில் அச்சடித்து வார்டு தோறும் வைக்க வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அந்தச் சபைக்கு நாம் கூட்டமாகப் போக வேண்டும். காலி நாற்காலிகள் இருந்தால் கான்டிராக்டர்தான் உட்காருவார்.

இரண்டாவதாக, சர்க்கார் சலுகை வாங்கும் எந்தக் கம்பெனியும் ஆலையை மூடினால், சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பணம் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர வேண்டும்.

மூன்றாவதாக, ஒரே கம்பெனியை நம்பாமல், கூட்டுறவுப் பட்டறைகளுக்கும் சிறு தொழிலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் பல நூறு பட்டறைகள் சேர்ந்த பேட்டைகள் உண்டு. ஒன்று மூடினால் ஊர் மூடாது. ஆனால் சிறு முதலாளியும் கூலியைக் குறைக்கத்தான் பார்ப்பான். அங்கும் சங்கம் வேண்டும்.

நான்காவதாக, ஏரியையும் வரத்துக் கால்வாயையும் மனையாக்கக் கூடாது. நிலம் எடுக்குமுன் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும். நகரத்தோடு சேரும் கிராமத்துக்கு வேலை உறுதி தொடர வேண்டும்.

தோழர்களே! ஆலைத் தொழிலாளி கேட்டுக்கு வெளியே நிற்கிற அன்று, வரப்பில் நிற்கிறவனும் வேலையிழந்து நிற்கிறான். இருவரையும் ஒரே திட்டம்தான் வெளியே தள்ளுகிறது. அடுத்த பகுதி சபைக்கு இந்த நான்கு கோரிக்கைகளையும் மனுவாக எழுதி, சங்கத்துக்குச் சங்கம், தெருவுக்குத் தெரு கையெழுத்து வாங்குங்கள். வேலையை நாளைக் காலை ஷிப்ட் கேட்டிலும் நாற்றங்காலிலும் தொடங்குங்கள்.