எத்தனை எத்தனை பிரமிடு!



திருவனந்தபுரம் நகரில் ஸ்ரீவராகம் என்று ஓர் இடம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே வராகமூர்த்திக்குக் கோயில் உண்டு. பெரிய குளமும் உண்டு.

அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை தூக்க வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். மனைவிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். ஒரு நாள் காலையில், தோளில் பையோடு ஒருவர் வாசலுக்கு வருகிறார். பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வைக்கிறார். செம்புத் தகட்டில் செய்தது. அடி சதுரம். மேலே போகப் போகக் குறுகி ஒரு முனையில் முடிகிறது.

“அம்மா, இதுக்குப் பேர் பிரமிடு. தினமும் அரை மணி நேரம் ஐயா தலைக்கு மேலே தொங்கவிடுங்க. கை தானா எழும்பும். இது மந்திரம் இல்லை அம்மா, விஞ்ஞானம்! மனுஷன் மூளையிலேயே பிரமிடு இருக்கு. சிறுநீரகத்திலே பிரமிடு இருக்கு. ராக்கெட் செய்யற இடத்திலேயும் பிரமிடு இருக்கு. எந்த டாக்டரை வேணும்னாலும் கேளுங்க. விலை 3,000 ரூபாய்தான்.”

அந்த அம்மாவுக்குச் சந்தேகம். பள்ளியில் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கச் சொல்கிறார். பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். “பிரமிடல்” என்று அதில் எழுதியிருக்கிறது! வந்தவர் சிரிக்கிறார். “பார்த்தீங்களா அம்மா?”

வந்தவர் சொன்ன மூன்றும் உண்மைதான். மூளையில் பிரமிடு உண்டு. சிறுநீரகத்தில் உண்டு. விண்வெளி ஆய்விலும் உண்டு. அப்படியானால் செம்புப் பெட்டியை வாங்கிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பிரமிடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

முதல் பிரமிடு எகிப்து நாட்டில் இருக்கிறது. அது அரசர்களின் கல்லறை. கீசா என்ற இடத்தில் உள்ள பெரிய பிரமிடு கட்டி ஏறக்குறைய 4,500 ஆண்டுகள் ஆகின்றன. கட்டியபோது அதன் உயரம் சுமார் 146 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! எகிப்தியர் அதை ‘மெர்’ என்று அழைத்தார்கள். ‘பிரமிடு’ என்பது கிரேக்கர்கள் வழியாக வந்த பெயர். கிரேக்கர்கள் ஒரு கோதுமைப் பலகாரத்துக்கும் இதே பெயர் வைத்திருந்தார்கள். பலகாரத்தின் பெயரைத்தான் கல்லறைக்கு வைத்தார்கள் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள்.

கணக்குப் போடுகிறவர்களுக்கு எகிப்தும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அடி தட்டையாக, நேர்க்கோடுகளால் ஆனதாக இருக்க வேண்டும். பக்கங்கள் முக்கோணங்களாக ஏறி ஒரு முனையில் சேர வேண்டும். அவ்வளவுதான். அடி சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முக்கோணமாகவும் இருக்கலாம், ஐங்கோணமாகவும் இருக்கலாம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அட்டையில் ஒரு பெட்டி செய்யுங்கள். அதே அடி, அதே உயரத்தில் ஒரு பிரமிடும் செய்யுங்கள். பிரமிடைத் தலைகீழாகப் பிடித்து, மணல் நிரப்பி, பெட்டியில் கொட்டுங்கள். எத்தனை தடவை கொட்டினால் பெட்டி நிறையும்? மூன்று தடவை. அதாவது பெட்டி கொள்ளுவதில் மூன்றில் ஒரு பங்குதான் பிரமிடு கொள்ளும்.

நம் நாட்டின் மாபெரும் கணித அறிஞர் ஆரியபட்டர் இதில் தவறிவிட்டார். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய தம் நூலில், முக்கோண அடி கொண்ட பிரமிடின் கொள்ளளவைப் பாதிப் பங்கு என்று சொல்லிவிட்டார். 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒரு பங்கு என்று சரியாகச் சொன்னார். ஆனால் ஆரியபட்டர் அதே நூலில் இன்னொரு கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அது அடுக்கிய குவியலின் கணக்கு.

ஸ்ரீவராகத்திலிருந்து சாலைக் கடைத்தெரு அதிக தூரமில்லை. அங்கே ஒரு கடையில் எலுமிச்சம் பழத்தை அடுக்கி வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் ஒன்று. அதன் கீழே மூன்று. அதன் கீழே ஆறு. அடியில் பத்து. மொத்தம் இருபது பழம். எண்ணாமலே சொல்ல வழி உண்டு. நான்கு அடுக்கு அல்லவா? நான்கையும், ஐந்தையும், ஆறையும் பெருக்குங்கள். 120 வரும். ஆறால் வகுங்கள். 20! எத்தனை அடுக்கு ஆனாலும் இந்த வழி சரியாக வரும். ஐந்து அடுக்குக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று பெருக்க வேண்டும். கேரளத்தில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி (1444–1544) ஆரியபட்டர் நூலுக்கு உரை எழுதினார். இப்படிப்பட்ட கணக்குகளை அடுக்கிப் பார்ப்பதுபோலவே அவர் விளக்கினார்.

சரி, இப்போது மூளைக்குப் போவோம். அந்தப் பெரியவரின் சங்கதி இங்கேதான் இருக்கிறது.

மூளையின் மேல் பரப்பில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உள்ளன. அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. மெல்லிய துண்டாக நறுக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது பல செல்கள் முக்கோணமாகத் தெரிந்தன. அதனால் ‘பிரமிடு செல்’ என்று பெயர் வந்தது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கஹால் இந்தச் செல்களைக் கையாலேயே படம் படமாக வரைந்தார். நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1906-இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அந்தச் செல்லின் உச்சியிலிருந்து ஒரு கிளை மேலே போகிறது. அடியிலிருந்து வேர்போலப் பல கிளைகள் பரவுகின்றன. அடியிலிருந்தே ஒரு நீண்ட நரம்பு இழையும் புறப்படுகிறது. சில செல்களின் இழை மூளையிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை இறங்குகிறது. ‘கையைத் தூக்கு’, ‘காலை வை’ என்ற கட்டளை இந்த வழியாகத்தான் போகிறது.

மூளையிலேயே இன்னொரு பிரமிடும் இருக்கிறது! மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்துக்கு முகுளம் என்று பெயர். அதன் முன்பக்கத்தில் இரண்டு புடைப்புகள் உண்டு. அவை கீழே போகப் போகக் குறுகும். அவற்றுக்கும் பிரமிடு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவற்றின் வழியாகப் போகும் நரம்புப் பாதைக்கு ‘பிரமிடல் பாதை’ என்று பெயர். பிரமிடு செல்லால் அந்தப் பாதைக்குப் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெயர் வந்தது புடைப்பிலிருந்து. ஒரே மூளையில், ஒரே சொல்லுக்கு இரண்டு பிறப்பு!

இந்தப் புடைப்பின் கீழ்ப்பகுதியில்தான் ஒரு விசித்திரம் நடக்கிறது. இடது மூளையிலிருந்து வந்த இழைகளில் பெரும்பாலானவை வலது பக்கம் தாண்டுகின்றன. வலது மூளையின் இழைகள் இடது பக்கம் தாண்டுகின்றன. அதனால்தான் மூளையின் இடது பக்கம் அடைப்பு வந்தால் வலது கை விழுகிறது. டாக்டர் சீட்டில் எழுதியது இந்தப் பாதையைத்தான். பாதை எங்கே கெட்டது என்று எழுதினார். செம்புப் பெட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

சிறுநீரகப் பிரமிடு வேறு வகை. சிறுநீரகத்தை நீளவாக்கில் வெட்டினால் உள்ளே ஆப்பு ஆப்பாகச் சில பகுதிகள் தெரியும். ஒரு சிறுநீரகத்தில் பெரும்பாலும் 8 முதல் 18 வரை இருக்கும். அகன்ற பக்கம் வெளியே, முனை உள்ளே. முனையிலிருந்து சிறுநீர் சொட்டும். தைராய்டு சுரப்பியிலும் பலருக்கு ‘பிரமிடல்’ என்று ஒரு சிறு துண்டு உண்டு. அது நோய் அல்ல. ஸ்கேன் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், டாக்டரிடம் கேட்டால் போதும்.

அடுத்தது ராக்கெட். ஸ்ரீவராகத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் தும்பா. இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்துதான் மேலே போனது. விண்வெளி ஆய்வில் ஏரியல்களைச் சோதிக்கத் தனி அறை வேண்டும். அறையின் சுவர் முழுவதும் கருக்கு மட்டைபோல முனை முனையாக நிற்கும். எல்லாம் கரி ஏற்றிய நுரைப் பிரமிடுகள். ரேடியோ அலை ஒரு சரிவில் பட்டு, அடுத்த சரிவில் மோதி, உள்ளேயே மடங்கிப்போகும். எதிரொலி வராது. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகையிலும் இதே தந்திரம்தான். அதில் உள்ள சிலிக்கன் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பிரமிடுகளை உண்டாக்குகிறார்கள். ஒரு சரிவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பக்கத்துச் சரிவில் விழுந்து உள்ளே போகிறது. வெளிச்சம் வீணாவது குறைகிறது. இங்கே மட்டும் வடிவம் உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் கவனியுங்கள். சரிவில் பட்ட அலையைப் பிடிப்பதுதான் அதன் வேலை. நோயைப் பிடிப்பது அல்ல.

காகிதத்தில் மட்டும் இருக்கும் பிரமிடும் உண்டு. ஸ்ரீவராகம் குளத்தையே எடுத்துக்கொள்வோம். குளம் என்றால் பாசி உண்டு. பாசியைத் தின்னும் பூச்சிகள் உண்டு. பூச்சியைத் தின்னும் சிறு மீன், சிறு மீனைப் பிடிக்கும் மீன்கொத்தி என்று சங்கிலி போகும். மேலே போகப் போக எண்ணிக்கை குறையும். சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1927-இல் இதை விளக்கினார். ஒரு படியில் உள்ள சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது. அதனால்தான் மீன்கொத்திகள் சில, மீன்கள் பல. ஆனால் ஒரு மாமரத்தை நினைத்துப் பாருங்கள். மரம் ஒன்று. அதைத் தின்னும் பூச்சிகளோ ஆயிரக்கணக்கில். அப்போது பிரமிடு தலைகீழாக நிற்கும்!

மக்கள்தொகைக்கும் பிரமிடு வரைவார்கள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் குழந்தைகள், உச்சியில் முதியவர்கள். நிறையக் குழந்தைகள் பிறக்கும் ஊரில் அடி அகலமாக இருக்கும். கேரளத்தில் அந்த அடி சுருங்கிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயது ஆனவர்கள். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 8.6 பேர்தான். வேலை வயதில் உள்ள ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போனதால் இடப்பக்கம் ஒரு பள்ளமும் விழுந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் தொடங்கி, வெளிநாடு போனவர்களைப் பற்றி மாதிரி வீடுகளில் பல முறை கணக்கெடுத்தது. இப்போது படத்தைப் பார்த்தால் பானை போல இருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் பிரமிடுதான். ஸ்ரீவராகம் வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள மனைவி ஒருவர்தான் இருக்கிறார் அல்லவா? அந்தக் கதையும் இந்தப் படத்துக்குள் இருக்கிறது.

இனிச் செம்புப் பெட்டிக்கு வருவோம். இது விஞ்ஞானம் என்பதற்கு விற்பவர்கள் ஒரு சான்று காட்டுவதுண்டு. செக்கோஸ்லோவாகியா நாட்டில் 1959-இல் ஒருவர், பிரமிடுக்குள் வைத்தால் சவர பிளேடு மழுங்காது என்று காப்புரிமை வாங்கினார். வாங்கியது உண்மை. ஆனால் காப்புரிமை என்பது ‘இது என் யோசனை’ என்பதற்கான பத்திரம். ‘இது பலித்தது’ என்பதற்கான பத்திரம் அல்ல. பிரமிடு வடிவம் நோய் தீர்க்கும் என்று எந்த ஒழுங்கான சோதனையும் காட்டவில்லை.

சோதிப்பது கடினமும் இல்லை. இரண்டு டம்ளரில் பால் எடுங்கள். ஒன்றைப் பிரமிடுக்குக் கீழே வையுங்கள். இன்னொன்றை அதே அளவுள்ள சாதாரணப் பெட்டிக்குக் கீழே வையுங்கள். மறுநாள், எது எங்கே இருந்தது என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எது புளித்தது என்று கேளுங்கள். பத்து நாள் இப்படிச் செய்யுங்கள். விற்க வந்தவரிடமும் இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

3,000 ரூபாய் போனால் போகட்டும் என்று சிலர் சொல்வார்கள். பணம் மட்டும் அல்ல பிரச்சினை. பக்கவாதத்தில் நேரம்தான் பெரிய செலவு. வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குளறினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதன் பிறகும் முதல் சில மாதங்களில்தான் கை கால் அதிகமாகத் தேறும். இறந்த செல் திரும்பி வராது. ஆனால் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தால், மிச்சமுள்ள செல்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. கூடவே இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. பெட்டிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம், பயிற்சிக்கு உரிய அரை மணி நேரம்.

அந்த அம்மா என்ன செய்வார்? “டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வந்தவரை அனுப்பிவைக்கலாம். பிறகு பெரியவர் முன்னால் இரண்டு கிண்ணங்களை வைக்கலாம். ஒன்றில் இருபது எலுமிச்சம் பழம். இன்னொன்று காலி. வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும். முதல் நாள் மூன்று பழம் மாற்றுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும்.