விட்டுப்போன சிநேகிதம் மீண்டும் துளிர்க்க

(எலெக்ட்ரானிக் சிட்டியில் உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியவரின் விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)



குடும்ப நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் நோயாக முற்றினால், குடிக்காத மற்றவர்கள் சிநேகிதர்களை இழக்கிறார்கள். குடி நின்றதும் அந்த சிநேகிதம் தானாகத் திரும்பி வருவதில்லை. அதைத் தனியாக, பொறுமையாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

"நம் வீடுகளில் இதெல்லாம் ஏது?" என்று சிலருக்குத் தோன்றலாம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் 5.7 கோடிக்கும் மேல். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. இத்தனை பெரிய கணக்கில் எந்த ஜாதியும் எந்தத் தெருவும் விட்டுப்போக வழியில்லை. சென்னையில் பெயர்பெற்ற டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. 1980-ல் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

என் ஆத்துக்காரர் ஒன்பது வருஷம் குடித்தார். நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. அவர் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

அந்த ஒன்பது வருஷத்தில் நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. சாயங்காலம் அவர் எந்த நிலையில் வருவார் என்று தெரியாது, அதனால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. கொலுவுக்கு அழைப்பது நின்றது. நாம் அழைக்காதபோது பிறர் வீட்டுக்குப் போகக் கூச்சம். போனால், "அவர் வரலையா?" என்ற கேள்வி. ஆபீஸில் வேலை என்று ஒருவரிடம் ஒரு பதில், ஜுரம் என்று இன்னொருவரிடம் ஒரு பதில். யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வதைவிடப் போகாமல் இருப்பதே சுலபமாகிவிடுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சாக்கும் உண்டு: சில்க் போர்டு டிராஃபிக்! அதைச் சொன்னால் பெங்களூரில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

பழைய அக்ரஹாரத்தில் இப்படி ஒளிய முடியாது. அங்கே வம்பும் உண்டு. ஆனால் இரண்டு நாள் வாசலில் கோலம் இல்லையென்றால் எதிராத்து மாமி வந்து கேட்பாள். நாம் இருக்கும் இந்தப் பேட்டையே கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற கிராமங்களின் நிலத்தில்தான் எழுந்தது. பெயரில் அக்ரஹாரம் இருக்கிறது. பதினோராவது மாடியில் கதவை மூடிக்கொண்டால் கேட்க ஆளில்லை.

முதலில் எனக்குக் கிடைத்த துணை, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவரின் மனைவி லோயிஸ் வில்சன், ஒரு தோழியோடு சேர்ந்து 1951-ல் ஆரம்பித்த அமைப்பு இது. வீட்டில் இருப்பவர் குடியை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமக்காக நாம் போகலாம். முழுப்பெயர் சொல்ல வேண்டாம். இந்த நோய் நம்மால் வந்ததல்ல, அதை அடக்குவதும் குணமாக்குவதும் நம் கையில் இல்லை என்று அங்கே புரியவைக்கிறார்கள். விளக்கம் கேட்காத மனிதர்களோடு பத்து வாரம் உட்கார்ந்த பிறகே மற்றவர்களிடம் பேச எனக்குத் தைரியம் வந்தது.

பிறகு மல்லேஸ்வரத்தில் இருக்கும் பழைய சிநேகிதிக்கு போன் செய்தேன். "கொஞ்ச வருஷமா ஆத்துல ரொம்பக் கஷ்டம். உன்னை மறக்கலை. அரை மணி வெளியில பார்க்கலாமா?" என்றேன். அவள் உடனே உருகிவிடவில்லை. "என் பெண் கல்யாணத்துக்குக்கூட வரலியேடி! ஐ.டி. சம்பளம் வந்ததும் மாறிட்டேன்னுன்னா நெனச்சேன்" என்றாள். அவள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் துக்கத்தில் ஒதுங்கியிருந்த காலத்தில் எதிராளியும் காயப்பட்டிருக்கிறாள். அதற்கு இடம் கொடுத்தால்தான் மேலே பேச முடியும். அவள் இன்று எனக்கு அக்கா தங்கை மாதிரி. இன்னொரு சிநேகிதி திரும்பவேயில்லை. அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லவேண்டியதில்லை. முழு விஷயம் ஓரிருவருக்குப் போதும். மற்றவர்களுக்கு, "வீட்டில் ஒரு உடம்பு, இப்போது பரவாயில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், அது பொய்யுமல்ல. முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியில், குறைந்த நேரத்துக்கு இருக்கட்டும். வருகிறேன் என்று சொன்னால் போய்விட வேண்டும். பலமுறை கடைசி நிமிஷத்தில் வராமல் இருந்தவர்களுக்கு நம்பிக்கை இப்படித்தான் திரும்பக் கிடைக்கும். ஒரே சிநேகிதியின் தலையில் முழு பாரத்தையும் இறக்காதீர்கள். அதற்குக் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். கைமாற்று பாக்கி இருந்தால் சிறு தவணையாவது ஆரம்பியுங்கள். என் கணவர் ஒரு நண்பரிடம் வாங்கிய 40,000 ரூபாயை இருபது மாதம் மாதாமாதம் கட்டி முடித்தார். கடைசித் தவணையன்று அந்த நண்பர் தாமே காபிக்கு வீட்டுக்கு வந்தார். குடிக்கூட்டத்து நட்பை விட்டுவிட்டுப் புது நண்பர்களைத் தேடவேண்டியிருந்தது அவருக்கும்தான்.

நோய் திரும்புவதும் உண்டு. அப்போதும் சிநேகிதத்தை விட்டுவிடாதீர்கள். அப்போதுதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

பாதிக்கப்படாத குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம். நாலு முறை வராதவர்களை ஐந்தாவது முறையும் கூப்பிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். அந்த வீட்டுக் குழந்தை உங்கள் வீட்டில் விளையாட வந்தால் ஒரு தட்டு அதிகம் வையுங்கள். நிறுத்தியவரை விருந்தில், "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தாதீர்கள்.

உதவி தேவைப்படுவோருக்கு: இதே ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மருத்துவமனையில் போதை நோய்க்குத் தனி மையம் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும் மனநல உதவிக்கு 14416, போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்களை அழைக்கலாம்.

2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ மஞ்சள் தடம் சில்க் போர்டு வழியாக நம் பேட்டைக்கே வந்துவிட்டது. டிராஃபிக் என்ற சாக்கு இனிச் செல்லாது. இன்று வீட்டுக்குப் போனதும், ரொம்ப நாளாகப் பேசாத ஒருவருக்கு போன் செய்யுங்கள்.