மாளின் கேட்கும் கேள்வி

(புனேயில் வாழும் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

தோழர்களே,

புனே மாவட்டம் என்றதும் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் ஆலைகளும் ஹிஞ்சவடியின் மென்பொருள் வளாகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. இதே மாவட்டத்தின் வடமேற்கில், பீமாசங்கர் மலைக்கு அருகில், ஆம்பேகாவ் வட்டத்தில் மாளின் என்றொரு சிற்றூர் உண்டு. அந்த ஊரைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

2014 ஜூலை 30 அன்று காலையில் மாளினுக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. முந்தைய நாளிலிருந்தே அங்கு கடும் மழை. நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணுக்குள் போயின. 151 பேர் மாண்டனர். அவ்வழியே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர், ஊர் இருந்த இடத்தில் சேற்றை மட்டுமே கண்டு செய்தி சொன்ன பிறகுதான் வெளியுலகம் இதை அறிந்தது. ஒரு சிற்றூர் அழிந்த செய்தியைச் சொல்ல ஒரு பேருந்து அங்கு வரவேண்டியிருந்தது என்பதிலிருந்தே நம் ஆட்சிமுறையில் அவ்வூர் எங்கு வைக்கப்பட்டிருந்தது என்பதை உணரலாம்.

மாளின் மக்களில் பெரும்பாலோர் மகாதேவ் கோலி என்னும் பழங்குடியினர். இம்மலைப் பகுதி மக்கள் சரிவுகளில் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைவிக்கிறார்கள். மேட்டு நிலத்தில் கேழ்வரகும் சாமையும் பயிரிடுகிறார்கள். காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பது அவர்களின் முக்கியமான பண வருவாய். 2020 ஜூன் மாதம் நிசர்கா புயல் கடுக்காய் மரங்களைச் சாய்த்தபோது, அந்த இழப்பும் விவசாய இழப்பே என்று அரசை ஏற்கச் செய்ய அவர்கள் போராட வேண்டியிருந்தது. மழைக்காலம் முடிந்தால் பலர் நாராயண்காவ் பக்கம் இறங்கி வந்து, பிறர் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கிறார்கள்.

இந்த வட்டத்திற்குப் பெயர் தந்த ஆம்பேகாவ் என்னும் ஊர் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கோட் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட டிம்பே அணையின் நீருக்கடியில் அது கிடக்கிறது. குகடி பாசனத் திட்டத்தின் ஓர் அங்கமான இந்த அணையின் நீர் கிழக்கே சமவெளிக்குச் செல்கிறது; அங்கே கரும்பு செழிக்கிறது. பள்ளத்தாக்கின் நல்ல வயல்களோ மூழ்கின. நீரைத் தந்தவர்களுக்குச் சரிவு நிலமே மிஞ்சியது.

மலை சரிந்த பின், பழி சுமத்தும் படலம் தொடங்கியது. பட்கை எனப்படும் வயல் சமன்படுத்தும் பணிக்கு மண்வெட்டும் இயந்திரங்களைக் கொண்டு வந்ததே காரணம் என்று சிலர் சொன்னார்கள். காடழிப்பைச் சிலர் சொன்னார்கள். அளவு மீறிய மழையைச் சிலர் சொன்னார்கள். இயந்திரம் சரிவைக் குடையும்போது மண் தளர்வது உண்மையே. அதை மறுப்பது நம் வேலை அன்று. ஆனால் பட்கை என்பது மலைமக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து, கல்லடுக்கி, மண் நிரவி, பல ஆண்டுகளில் மெல்ல உருவாக்கிய வேலைமுறை. 1972 பஞ்சத்திற்குப் பின் வேலை உறுதித் திட்டத்தை நாட்டிற்கே முன்மாதிரியாகத் தந்த மாநிலம் இது. மனிதக் கைகளுக்குக் கூலி கொடுத்துச் செய்யவேண்டிய பணியை இயந்திரத்திடம் ஒப்படைத்தது யார்? சரிவின் தன்மையை ஆராயாமல் அனுமதி தந்தது யார்? அரை ஏக்கர் நெல்வயலுக்கு ஆசைப்பட்ட ஏழை விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, இக்கேள்விகளைக் கடந்துபோக நாம் அனுமதிக்கலாகாது.

தோழர்களே, இது ஏதோ மராத்திய மலைக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்கள் நம் தமிழ் மக்கள்; பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு. 2023 ஜூலையில் ராய்கட் மாவட்டத்தின் இர்ஷால்வாடியில் 80-க்கும் மேற்பட்ட பழங்குடியினரை மண் மூடியது. நிலச்சரிவு அபாயமுள்ள ஊர்களின் பட்டியலில் அவ்வூர் இல்லை என்று அரசே சொன்னது. மாளின் புதையுண்டு சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 2024-இல் அதே ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தன. மொழி வேறு, மாநிலம் வேறு, மலைத்தொடர் ஒன்று. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைக்கும் வர்க்கத்தினர். மழை எல்லோர் மீதும் பெய்கிறது. சரியும் மலைக்குக் கீழே யார் குடியிருக்க நேர்கிறது என்பதைச் சொத்துறவுகளே தீர்மானிக்கின்றன.

உயிர் தப்பியவர்களுக்காகப் புதிய மாளின் கட்டப்பட்டு 2017 ஏப்ரலில் முதலமைச்சரால் திறக்கப்பட்டது. அந்த ஜூன் மாதம் பெய்த முதல் மழையிலேயே புதிய ஊரின் சாலைகள் விரிசல் கண்டன, மண் உள்வாங்கியது. ஏற்கெனவே ஒருமுறை மலையின் அடியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், மழை இரவுகளில் மீண்டும் உறக்கமின்றிக் கிடந்தார்கள்.

ஆம்பேகாவ் வட்டத்தின் மேற்குப் பகுதி அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைக்கு உட்பட்டது. 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அங்கே கிராமசபைக்கு அதிகாரம் அளிக்கின்றன. ஏட்டிலுள்ள அந்த அதிகாரத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதே நம் கடமை. சரிவுகளின் ஆய்வறிக்கை மக்களின் மொழியில் கிராமசபை முன் வைக்கப்பட வேண்டும். எங்கே வெட்டலாம், எங்கே கூடாது, எங்கே குடியேறலாம் என்பதை அவர்களின் ஒப்புதலோடு முடிவு செய்ய வேண்டும். நிலச் சீரமைப்பு வேலை இயந்திர ஒப்பந்தக்காரரிடமிருந்து மீண்டும் உழைப்பாளரின் கைக்கு, உரிய கூலியோடு வரவேண்டும்.

இந்நகரில் நாம் குடிக்கும் நீரும் சகயாத்ரியின் மழைதான். ஆகவே மலைமக்களின் கோரிக்கைப் பேரணி நகரத்திற்கு வரும்போது, சாலையோரம் நின்று பார்க்கிறவர்களாக நாம் இருக்க முடியாது. அவர்களோடு சேர்ந்து நடப்போம், தோழர்களே.